பிளஸ் டூ முடிந்தது, கையில் வயலின்: நெல்லையிலிருந்து எந்த வழி?

மே மாதம் வந்துவிட்டால் இந்தப் பக்கத்தில் வயலின் சொல்லிக்கொடுக்கிறவர்களைத் தேடி ஒரே கேள்வி வரும். "சார், பய நல்லா வாசிக்கான்னு எல்லாரும் சொல்லுதாங்க. மெட்ராஸுக்கு அனுப்பிருவோமா? இல்ல, ஒரு டிகிரிய முடிக்கட்டுமா? இத நம்பி இருக்கலாமா சார்?" கேட்கிறவர் பாளையங்கோட்டையில் பள்ளி ஆசிரியராக இருப்பார், அல்லது அம்பாசமுத்திரத்தில் மளிகைக் கடை வைத்திருப்பார். பிள்ளைக்குப் பதினேழு வயது. எட்டு, ஒன்பது வருடமாகக் கற்றிருக்கும். வர்ணங்கள் மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், வரும், கீர்த்தனைகள் ஐம்பது அறுபது இருக்கும், ராகம் கொஞ்சம் வாசிக்கும். வீட்டில் பணம் நிறையவும் இல்லை, வறுமையும் இல்லை.

"உங்கள் இஷ்டம்" என்று சொல்லி அனுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த வயதில் எடுக்கிற முடிவு பத்து வருடத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவே நம் ஊரிலிருந்து கிளம்பும் ஒரு வயலின்காரருக்கு உண்மையில் இருக்கும் வழிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்: சென்னை சென்று கச்சேரி வித்துவானாவது, ஊரிலேயே இருந்து சொல்லிக்கொடுப்பது, இசைக் கல்லூரி படித்து அரசு வேலைக்குப் போவது, வேறு ஒரு தொழிலில் இருந்துகொண்டு வயலினை விடாமல் வைத்திருப்பது. நான்கையும் ஒரே அளவில் அலசப் போவதில்லை. முதல் இரண்டில்தான் நிறையப் பேசவேண்டியிருக்கிறது.

அதற்கு முன் ஒன்று. வயலின் நம் சங்கீதத்துக்குள் வந்த கதையிலேயே இந்த மண்ணுக்குப் பங்கு உண்டு. முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் (1786–1859) ஐரோப்பிய வயலினைக் கற்று, அதில் நம் ராகங்களை வாசிக்க முடியும் என்று காட்டிய முன்னோடிகளில் ஒருவர். அவர் எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்துவானாக இருந்தார். அண்ணன் முத்துசாமி தீட்சிதர் 1835-இல் மறைந்ததும் எட்டயபுரத்தில்தான். பின்னால் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் வந்தார், நாதசுர வித்துவான் காருகுறிச்சி அருணாசலம் வந்தார். இவர்களெல்லாம் எதை நம்பி வாழ்ந்தார்கள் என்று பார்த்தால் நம் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடுகிறது. பாலுசாமிக்கு எட்டயபுரம் ராஜா இருந்தார். முத்தையா பாகவதருக்கு மைசூரும் திருவிதாங்கூரும் இருந்தன. அருணாசலத்துக்குக் கோயிலும் கல்யாணமும் சினிமாவும் இருந்தன. ஆதரவு எங்கே இருந்ததோ அங்கே வித்துவான் இருந்தார். சமஸ்தானங்கள் போய்ச் சபாக்கள் வந்தபோது அந்த ஆதரவு சென்னையில் குவிந்தது. நெல்லையில் திறமை குறைந்துபோனதாக நான் ஒருநாளும் நினைத்ததில்லை. ஆதரவு இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான்.

சென்னையும் கச்சேரி மேடையும்

கச்சேரி வயலின் என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு பக்கவாத்தியம், அதாவது பாடகருக்குத் துணையாக வாசிப்பது. லால்குடி ஜயராமன், எம்.எஸ். கோபாலகிருஷ்ணன், டி.என். கிருஷ்ணன் மூவரும் தனிக் கச்சேரியில் கொடிகட்டிப் பறந்தவர்கள். ஆனாலும் மூவரும் பெரிய பாடகர்களுக்குப் பக்கம் வாசித்துத்தான் மேலே வந்தார்கள். ஆகவே சென்னைக்குப் பிள்ளையை அனுப்புவது என்றால், பக்கம் வாசிக்கும் தொழிலுக்கு அனுப்புகிறோம் என்று தெரிந்து அனுப்ப வேண்டும்.

அந்தத் தொழில் மேடையில் எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பாடகர் தோடி ராகம் எடுக்கிறார். வயலின்காரருக்கு முன்கூட்டி யாரும் எதுவும் சொல்லவில்லை. ஒத்திகை என்பதே கிடையாது. பாடகர் நிறுத்தும் இடங்களில் மட்டும் மெல்லிய வில்லில் அந்த ஸ்வரத்தைப் பிடித்து வைத்திருக்கிறார். பாடகர் பத்துப் பன்னிரண்டு நிமிடம் பாடி முடித்ததும் இவர் முறை. இவருக்குக் கிடைப்பது நான்கைந்து நிமிடம். அதற்குள் ராகம் முழுசாகத் தெரிய வேண்டும். பாடகர் அழுத்திச் சொன்ன பிரயோகங்களைத் தொட வேண்டும், அவர் சொல்லாத ஒன்றையும் காட்ட வேண்டும், அவரைத் தூக்கி அடித்துவிட்டதாகவும் தோன்றக் கூடாது. பிறகு கீர்த்தனை. கேட்டிராத கீர்த்தனையென்றால், பல்லவி முதல் தடவை வரும்போது பாடகரின் உதட்டையும் தொடையில் தட்டும் கையையும் பார்த்துக்கொண்டே எடுப்பை, அதாவது பாட்டு தாளத்தில் தொடங்கும் இடத்தை, பிடிக்க வேண்டும். இரண்டாவது சங்கதிக்குள் கூடச் சேர்ந்துவிட வேண்டும். ஒரே வரியை விதவிதமாக விரித்துப் பாடும் நிரவலில் சாகித்தியத்தின் எழுத்து எங்கே விழுகிறதோ அங்கே வில் திரும்ப வேண்டும். ஸ்வரங்களை அந்த இடத்திலேயே கற்பனை செய்து பாடும் கல்பனாஸ்வரத்தில் பாடகர் ஒரு கணக்கு வைத்து முடித்தால் அதே கணக்கைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சுருதியும் மாறும்: இன்று ஒன்றரைக் கட்டை, நாளை பெண் பாடகருக்கு ஐந்து கட்டை. இதற்காகவே கம்பி வேறுபடுத்திக் கட்டிய இரண்டு வயலின் வைத்திருப்பவர்கள் உண்டு.

இந்தக் காது குருவிடம் கற்று வருவது ஒரு பங்கு. மேடைக்கு மேடை உட்கார்ந்து வருவதுதான் பெரும்பங்கு. சென்னை ஏன் தேவைப்படுகிறது என்றால் இதற்காகத்தான். ஒரு பாடகர் வீட்டில் மாலையில் நடக்கும் சாதகத்துக்கு (பயிற்சிக்கு) வயலினை எடுத்துக்கொண்டு போய் உட்கார வேண்டும். "நாளைக்கு ஆறரைக்குக் கச்சேரி, வயலின்காரருக்கு உடம்பு சரியில்லை, வர முடியுமா?" என்று போன் வந்தால் மறுநாள் ஆறு மணிக்கு அந்தச் சபா வாசலில் நிற்க வேண்டும். இளம் வயலின்காரர்கள் பலருக்கு முதல் நல்ல மேடை இப்படித்தான் கிடைக்கிறது. திருநெல்வேலியில் இருக்கிறவருக்கு அந்த போன் வராது. நெல்லை எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். வந்தே பாரத்தில் காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மதியம் இரண்டு மணிக்குள் போய்விடலாம். குருவிடம் பாடம் கேட்டுவர அது போதும். மேடைக்குக் கூப்பிடும் வட்டத்துக்குள் இருக்க அது போதாது.

பணம் எப்படி? மார்கழியில் மதிய நேரக் கச்சேரிகளில் இளையவர்களுக்கு மேடை உண்டு, சன்மானம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. பக்கவாத்தியத்துக்குப் பாடகரைவிடக் குறைவாகத்தான் கிடைக்கும். சென்னையில் ஓர் இளம் வயலின்காரர் வாடகை கொடுப்பது பெரும்பாலும் பரதநாட்டிய நிகழ்ச்சிகளுக்கு வாசிக்கும் பணத்தில், ரெக்கார்டிங் கிடைத்தால் அதில், வீட்டில் நடத்தும் வகுப்பில். பெற்றோர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சென்னையில் கச்சேரி வித்துவானும் சொல்லிக்கொடுத்துத்தான் சாப்பிடுகிறார். டி.என். கிருஷ்ணன் அளவுக்கு வாசித்தவரே சென்னை அரசு இசைக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தார், பின்பு டெல்லி பல்கலைக்கழக இசைப் பிரிவில் பணியாற்றினார். மேடையும் வகுப்பும் அவர் வாழ்க்கையில் கூடவே நடந்தன.

என் கணக்கில், சென்னை போகும் பிள்ளைக்கு வீட்டிலிருந்து குறைந்தது ஐந்து வருடம் பணம் போக வேண்டும். வாடகை, சாப்பாடு, குருவின் பாடம், கம்பி, போக்குவரத்து, மேடைக்குத் தகுந்த துணிமணி எல்லாம் சேர்த்து. இரண்டு வருடம் அனுப்பிவிட்டு "இன்னும் ஒண்ணும் வரலையே" என்று நிறுத்துவதைவிட முதலிலேயே அனுப்பாமலிருப்பது நல்லது. மத்திய கலாசார அமைச்சகம் 18 முதல் 25 வயது வரையிலான இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் வீதம் இரண்டு வருடம் உதவித்தொகை கொடுக்கிறது. விண்ணப்பிக்க வேண்டும், கிடைத்தால் நல்லது. ஆனால் அதைக்கொண்டு சென்னையில் மாதம் ஓடாது.

பெண் பிள்ளை என்றால் இன்னொரு கேள்வி உடனே எழும். ராத்திரி கச்சேரி, ரயில் பயணம், கல்யாணத்துக்குப் பிறகு என்ன ஆகும் என்று அம்மாக்கள் தயங்குகிறார்கள். ஏ. கன்யாகுமாரி விஜயநகரத்திலிருந்து சென்னை வந்து எம்.எல். வசந்தகுமாரிக்குப் பல ஆண்டு பக்கம் வாசித்து, 2016-இல் சங்கீத கலாநிதி பெற்றார். வயலின் கலைஞராக அந்த விருதைப் பெற்ற முதல் பெண் அவர். அவர் காலத்தில் பெரிய பாடகர் சிலர் பெண் வயலினை மேடையில் ஏற்கவே யோசித்தார்கள். இன்று நிலைமை எவ்வளவோ மாறியிருக்கிறது. பிள்ளைக்குக் காது இருந்தால், பெண் என்பதற்காக மட்டும் சென்னை வழியை மூடாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊரில் இருந்து சொல்லிக்கொடுப்பது

மேடை கிடைக்காதவர் செய்கிற வேலை என்று இதை நினைக்கிறார்கள். இந்த எண்ணத்தால்தான் நல்ல வாசிப்புள்ள பிள்ளைகள் ஊர் திரும்பக் கூச்சப்படுகிறார்கள். சொல்லிக்கொடுப்பது தனி வித்தை. நன்றாக வாசிக்கிறவரெல்லாம் அதில் தேறுவதில்லை.

ஒன்பது வயதுக் குழந்தை ஒன்று மாயாமாளவகௌளையில் சரளி வரிசை வாசிக்கிறது. வில் மேலே போகப் போகப் பிரிட்ஜை விட்டு நழுவி விரல் பலகைப் பக்கம் ஏறுகிறது. ஒலி காற்றாகப் போகிறது. "வில்லை நேராப் பிடி" என்று நூறு தடவை சொன்னாலும் நேராகாது. ஏனென்றால் வில் கோணுவது விரலால் இல்லை. முழங்கை பின்னால் போய்விடுகிறது, மணிக்கட்டு இறுகிப்போகிறது. ஆசிரியர் எதுவும் பேசாமல் அந்த முழங்கையை இரண்டு விரலால் லேசாக முன்னால் தள்ளிவிட்டால், அடுத்த வில்லிலேயே ஒலி கூடிவிடும். குழந்தைக்கே ஆச்சரியமாக இருக்கும். எந்தக் குழந்தைக்கு எங்கே இறுகுகிறது என்று பார்க்கிற கண் வருவதற்கு, கச்சேரிக் காது வருவதற்கு ஆகிற அளவு வருடம் ஆகும். ரிஷபத்தில் கொஞ்சம் கூடுதலாக விரல் ஏறுவதை முதல் மாதமே பிடிக்காவிட்டால், அந்தப் பிள்ளைக்குப் பிறகு கௌளை, சாவேரி போன்ற ராகங்கள் சரியாக வராது. சென்னையில் பெரிய குருக்கள் வெளியூர்ப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்ளும்போது முதலில் பார்ப்பது இந்த அடித்தளத்தைத்தான். அது ஊர் ஆசிரியர் போட்டது.

வருமானக் கணக்கை ஒரு உதாரணமாகப் போட்டுப் பார்க்கலாம். மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், இருபத்தைந்து பிள்ளைகள் இருந்தால் இருபத்தைந்தாயிரம். சொந்த வீடு இருந்தால் திருநெல்வேலியில் அது ஒரு குடும்பத்தைத் தாங்கத் தொடங்குகிற தொகை. சென்னையில் அதே பணம் வாடகைக்கே பெரும்பாலும் போய்விடும். ஆனால் இந்த இருபத்தைந்து பேரும் வருடம் முழுக்க நிற்க மாட்டார்கள். பத்தாம் வகுப்பு வந்ததும் டியூஷன் என்று பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். பிப்ரவரி, மார்ச்சில் வகுப்பு பாதியாகும். ஜூனில் புதுப் பிள்ளைகள் வருவார்கள். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்க ஒரு வருடச் செலவைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

பாளையங்கோட்டைக்கே உரிய ஒரு வாய்ப்பும் இருக்கிறது. இதைப் பலர் பயன்படுத்துவதில்லை. தேவாலயப் பாடகர் குழுக்கள் இங்கே நிறைய. மேற்கத்திய முறையில் ஜி, டி, ஏ, இ என்று சுருதி கூட்டி, நோட்டேஷன் பார்த்து வாசிக்கப் பிள்ளைகளை அனுப்ப விரும்பும் குடும்பங்கள் இருக்கின்றன. லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிரேடு தேர்வு எழுத ஆசைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ச-ப-ச-ப என்று கூட்டித் தரையில் உட்கார்ந்து வாசிக்கும் நம் முறையோடு மேற்கத்திய நோட்டேஷனையும் ஓரளவு கற்றுவைத்திருக்கும் ஆசிரியருக்கு வாசல் இரண்டு மடங்கு திறக்கிறது. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் எழுதிய வேதநாயகம் சாஸ்திரியார் பிறந்த ஊர் இது. கிறிஸ்தவக் கீர்த்தனைகள் கர்நாடக ராகங்களில் இங்கே வெகுகாலமாகப் பாடப்படுகின்றன. இரண்டு உலகமும் ஒரே தெருவில் இருக்கிற ஊர் தமிழ்நாட்டில் அதிகம் இல்லை.

ஆன்லைன் வகுப்பு வந்த பிறகு ஊரில் இருப்பதன் குறை இன்னும் கொஞ்சம் தீர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் மாலை என்றால் நமக்கு விடியற்காலை. ஐந்து மணிக்கு எழுந்து இரண்டு வகுப்பு எடுத்துவிட்டால் உள்ளூர்ப் பிள்ளைகள் வரும் சாயங்காலத்துக்கு இடைஞ்சல் இல்லை, கட்டணமும் கூடுதல். ஆனால் இணையத்தில் ஒலி தாமதமாக வருவதால் இருவரும் சேர்ந்து வாசிக்க முடியாது. ஆசிரியர் வாசித்துக்காட்ட, பிள்ளை திருப்பி வாசிக்க, அப்படித்தான் போக வேண்டும். முழங்கையைத் தொட்டுத் திருத்தவும் முடியாது. ஆரம்பப் பிள்ளைகளை ஆன்லைனில் எடுப்பதை நான் விரும்புவதில்லை. வர்ணம் தாண்டியவர்களுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது.

இந்த வழியில் இருக்கும் பெரிய ஆபத்தைச் சொல்லாமல் விட்டால் இந்த ஒப்பீடு பொய்யாகிவிடும். தினமும் சாயங்காலம் சரளியும் ஜண்டையும் கேட்டுக் கேட்டு ஆசிரியரின் கை தேய்ந்துபோகும். மூன்று வருடத்தில் வேகம் போகும், ஐந்து வருடத்தில் ராகம் வாசிக்கத் தயக்கம் வந்துவிடும். காலையில் வகுப்புக்கு முன் இரண்டு மணி நேரம் சொந்த சாதகம், மாதம் ஒரு தடவையாவது மூத்த வித்துவான் ஒருவரிடம் பாடம், வருடத்தில் சில கச்சேரிகளாவது பக்கம் வாசிப்பது — இந்த மூன்றும் இல்லாவிட்டால் ஊரில் இருக்கும் வழி ஆளை மெல்ல அமுக்கிவிடும். நவராத்திரிக்கும் ராமநவமிக்கும் நம் பக்கத்துக் கோயில்களிலும் ஊர்களிலும் கச்சேரி வைக்கிறார்கள். நாகர்கோவில், திருவனந்தபுரம், மதுரை எல்லாம் போய்வரும் தூரம்தான். தென்பக்கத்துக்கு வரும் பாடகர் சென்னையிலிருந்து வயலின்காரரைக் கூட்டிவரும் ரயில் செலவை யோசிக்கிறபோது, நம்பிக்கையான கை ஒன்று நெல்லையில் இருந்தால் அழைப்பு வரும். ஒரு தடவை நன்றாக வாசித்துவிட்டால் பிறகு தானாக வரும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் தொழிலில் பெரிசு. வில்லுக்கு முடி மாற்றவும், கம்பியை முறுக்கும் பிருடை சறுக்கினால் சரிசெய்யவும், பிரிட்ஜ் செதுக்கவும் நல்ல கை இங்கே அரிது. சென்னைக்கு அனுப்பி வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. சித்திரை வெயிலில் மரம் காய்ந்து பிருடை நிற்காமல் போகும்போது இது புரியும். ஊரில் தொழில் செய்யப் போகிறவர் இந்தச் சில்லறை வேலைகளைச் சென்னையிலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டு வந்தால் தனக்கும் மாணவர்களுக்கும் உதவும்.

கல்லூரி, அரசு வேலை, வானொலி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மாவட்ட அரசு இசைப்பள்ளி திருநெல்வேலியிலும் இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று பாடங்கள், மூன்று வருடப் படிப்பு, கட்டணம் மிகக் குறைவு. வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு இது பெரிய வாசல். அதற்கு மேல் சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் அரசு இசைக் கல்லூரிகள்.

நம் பக்கத்தார் மறந்துபோகும் கல்லூரி ஒன்று உண்டு: திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி. 1939-இல் தொடங்கிய அந்தக் கல்லூரியின் முதல் முதல்வர் நம் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். வயலினில் பட்டம் படிக்கலாம். திருநெல்வேலியிலிருந்து மூன்று, நான்கு மணி நேரப் பயணம். சனி, ஞாயிறு வீட்டுக்கு வந்துவிடலாம். கச்சேரி கேட்கவும் வாசிக்கவும் அந்த ஊரில் நல்ல வாய்ப்பு இருக்கிறது. சென்னைக்கும் ஊருக்கும் நடுவில் ஒரு படி வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

வேலை என்று வரும்போது நம்பிக்கையை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். அரசுப் பள்ளி இசை ஆசிரியர் பணியிடங்கள் கொஞ்சம்தான், அறிவிப்பும் பல வருடத்துக்கு ஒருமுறைதான். பகுதிநேர ஆசிரியர்களாக 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்குச் சேர்ந்தவர்களுக்கு 2024-இல்தான் அது 12,500 ஆனது. விண்ணப்பிக்க வேண்டும், அரசு நடத்தும் இசைத் தொழில்நுட்பத் தேர்வுகளை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. தனியார் பள்ளிகள் ஆள் எடுக்கின்றன. பெரும்பாலும் ஆண்டு விழாவுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கவும் கீபோர்டு வாசிக்கவும்தான். வயலினுக்கு அங்கே நேரம் குறைவு.

வானொலியும் முன்புபோல் வாழ்க்கை தருவதில்லை. நிரந்தர நிலைய வித்துவான் பணியிடங்களை நிரப்புவது வெகுவாகக் குறைந்துவிட்டது. ஆனால் திருநெல்வேலி நிலையத்தில் ஆடிஷன் கொடுத்து பி கிரேடு வாங்குவதை ஒவ்வொரு பிள்ளையும் செய்ய வேண்டும். பி, பி-ஹை, ஏ, ஏ-டாப் என்று ஏறும் அந்தப் படிகள் எந்த ஊர் சபாவுக்கும் புரிகிற அடையாளம். பணம் கொஞ்சம்தான். மைக் முன்னால் குறித்த நிமிடத்தில் தொடங்கிக் குறித்த நிமிடத்தில் முடிக்கும் பழக்கம் அங்கே வருகிறது.

வேறு தொழில், கூடவே வயலின்

இந்த வழியைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்த ஆபிரகாம் பண்டிதர் (1859–1919) திண்டுக்கல்லில் ஆசிரியப் பயிற்சி பெறும்போது வயலின் கற்றவர். சித்த மருத்துவத்திலும் விவசாயத்திலும் சம்பாதித்துத் தன் பணத்தில் தஞ்சாவூரில் இசை மாநாடுகள் நடத்தினார். ஆராய்ந்து 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற இசை நூலை வெளியிட்டார். இசையை வைத்துச் சாப்பிட வேண்டிய நெருக்கடி இல்லாததால்தான் அவரால் அதைச் செய்ய முடிந்தது என்று நினைக்கிறேன்.

ஆனால் தொழில் எது என்பது முக்கியம். நேரம் வரையறுத்த வேலை என்றால் — ஆசிரியர், வங்கி, அரசு அலுவலகம் — காலையில் ஒன்றரை மணி நேர சாதகம் நிற்கும், வருடத்தில் பத்துக் கச்சேரியும் வாசிக்கலாம். இரவு ஷிப்ட், வார இறுதியிலும் லேப்டாப் என்றால் முதல் வருடமே வில் கனக்கத் தொடங்கிவிடும். இன்ஜினியரிங் படித்துக்கொண்டே வயலினையும் பார்த்துக்கொள்ளலாம் என்று சேர்ந்த நல்ல கைகள் கடைசிப் பருவத்தில் பெட்டியைத் திறக்காமலே விட்டதை எத்தனையோ பார்த்துவிட்டேன். அவர்களிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. நான்கு வருடம் மணிக்கு மணி லேப், அசைன்மென்ட் என்று வைத்துவிட்டு சாதகத்தை எங்கே செருகுவது?

யாருக்கு எது

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் ஒரு சோதனை செய்துபாருங்கள். பிள்ளை கேட்டிராத ஒரு கச்சேரிப் பதிவைப் போடுங்கள். ராக ஆலாபனையின் ஒரு வாக்கியம் முடிந்ததும் நிறுத்துங்கள். பிள்ளை அதைத் திருப்பி வாசிக்கிறதா? அது மட்டும் போதாது. அதிலிருந்து அடுத்த வாக்கியத்தைத் தானாகத் தொடர்கிறதா? ஒரு வாரம் தினமும் பாருங்கள். தொடர்ந்து போகிற பிள்ளைக்குப் பக்கவாத்தியக் காது இருக்கிறது. அந்தப் பிள்ளையைப் பதினெட்டிலேயே சென்னைக்கு அனுப்புங்கள், ஐந்து வருடப் பணத்தோடு. இருபத்திரண்டு வயது வரை டிகிரிக்காக நிறுத்திவைத்தால், அந்த வயதுச் சென்னைப் பிள்ளைகள் நூறு கச்சேரி முன்னால் போயிருப்பார்கள்.

பாடம் செய்ததைச் சுத்தமாக வாசிக்கிறது, ஆனால் தொடர்வதற்குத் தயங்குகிறது என்றால் அது குறை ஒன்றும் இல்லை. திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ கல்லூரிப் படிப்பு, கூடவே பி கிரேடு, பிறகு ஊர் திரும்பி வகுப்பு. தொடர்கிற திறமை அந்த வருடங்களில் வந்தாலும் வரும். நம் பக்கத்துப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது இந்த வழிதான். நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மூன்று மாவட்டத்திலும் நல்ல அடித்தளம் போடுகிற வயலின் ஆசிரியர்கள் போதவில்லை. களக்காட்டிலிருந்தும் சங்கரன்கோவிலிலிருந்தும் வாரம் ஒரு நாள் பஸ் ஏறி வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்த ஊர்களிலேயே உட்கார ஓர் ஆசிரியர் இருந்தால் அடுத்த தலைமுறைக்குச் சென்னை கதவு இன்னும் சீக்கிரம் திறக்கும்.

வீட்டுப் பணம் பிள்ளையின் சம்பளத்தை உடனே எதிர்பார்க்கிற நிலையில் இருந்தால் நேரம் வரையறுத்த வேலையே சரி. வயலினை விடாமலிருக்க வீட்டில் எல்லோரும் ஒத்துழைக்க வேண்டும்.

சென்னையில் ஒரு குருவைப் பார்க்கப் போவதாக முடிவு செய்தவர்களுக்குக் கடைசியாக ஒன்று. மார்கழியில் போகாதீர்கள்; வித்துவான்களுக்கு அந்த மாதம் மூச்சுவிட நேரமிருக்காது. மே, ஜூனில் முன்கூட்டிக் கேட்டுவிட்டுப் போங்கள். பிள்ளை ஒரு வர்ணத்தை இரண்டு காலத்தில் வாசிக்கட்டும், ஒரு கீர்த்தனை வாசிக்கட்டும், கல்யாணி மாதிரி ஒரு பெரிய ராகத்தைப் பத்து நிமிடம் வாசிக்கட்டும். கடினமான ராகத்தை எடுத்து மலைக்க வைக்க வேண்டாம். வாசித்து முடித்ததும் "இவன் முன்னுக்கு வருவானா?" என்று கேட்காதீர்கள். அதற்கு யாரும் மரியாதைக்காக நல்ல பதில்தான் சொல்வார்கள். "ஐயா, இவனுக்கு இப்போ எது குறையுது, அதைச் சரிபண்ண எவ்வளவு நாள் ஆகும்?" என்று கேளுங்கள். அவர் சொல்வதை எழுதிக்கொண்டு ஊருக்கு வந்து, அதை மட்டும் ஆறு மாதம் சாதகம் செய்துவிட்டுத் திரும்ப அதே குருவிடம் போய் வாசித்துக்காட்டுங்கள். அன்றைக்கு அவர் என்ன சொல்கிறாரோ அதை வைத்துச் சென்னையில் வீட்டை வாடகைக்குப் பார்க்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.